எதிராளி இல்லாத ஆட்டம்

சென்ற இதழில் இரண்டு விஷயங்கள் வந்திருந்தன. ஒன்று, பழைய சிகரெட் அட்டைகளில் அச்சான விளையாட்டு வீரர்களின் படங்களைப் பற்றி நண்பர் எழுதிய 11 பக்கக் கட்டுரை. மற்றது, பின்னட்டையின் உட்புறத்தில் கட்டம் கட்டிப் போட்ட அறிவிப்பு: அடுத்த இதழ் தொடங்கி, இதழுக்கு மூன்று பேராக, 24 நவீன கவிஞர்களின் வண்ணப்பட அட்டைகள் ஆண்டுச் சந்தாதாரர்களுக்கு இலவசம், முன்புறம் படம், பின்புறம் குறிப்பு, வரிசை முழுவதையும் சேர்ப்பவர்களுக்கு ஒரு ஆல்பம். இரண்டும் தற்செயலாக ஒரே இதழில் வந்துவிட்டன என்று நம்ப நான் தயாராக இல்லை. கட்டுரை, அறிவிப்புக்குப் போட்ட அஸ்திவாரம். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே என் எதிர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நண்பரின் கட்சி இது. சிகரெட் அட்டை நவீன காலத்தின் மக்கள் கலை. மியூசியத்தின் படியேற முடியாதவனுடைய சட்டைப்பைக்கு ஓவியம் தானாக வந்து சேர்ந்தது. குத்துச்சண்டைக்காரனும் கிரிக்கெட் ஆட்டக்காரனும் அங்கே படிமமாக உயர்ந்தார்கள். படிமம் என்ற சொல்லை அவர் 31 இடங்களில் பயன்படுத்துகிறார். எண்ணித்தான் சொல்கிறேன், கவுண்டரில் உட்கார்ந்து பிறர் பணத்தை எண்ணுகிறவனுக்கு இந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் போவதில்லை.

மக்கள் கலை என்பதை முதலில் முடித்துவிடலாம். மெல்லிய காகிதப் பொட்டலத்தில் சிகரெட் நசுங்காமல் இருக்கச் செருகிய வெறும் அட்டை அது. 1880களில் பான்ஸாக்கின் யந்திரம் வந்தது. கையால் சுருட்டிக்கொண்டிருந்த தொழிலில், ஒரே யந்திரம் பத்து மணி நேரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் சிகரெட்டுகளைத் தள்ளத் தொடங்கியது. சரக்கு குவிந்தது, பிடிக்க ஆள் வேண்டும். வெற்று அட்டையில் படம் ஏறியது அப்போதுதான். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி 1887ல் உலகச் சாம்பியன்கள் என்று 50 அட்டை போட்டது: பேஸ்பால்காரர்கள், மல்லர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், படகோட்டிகள், துப்பாக்கி சுடுபவர்கள். 50 என்ற எண்தான் அதிலுள்ள சூட்சுமம். 49 சேர்ந்த பிறகு மீதி ஒன்றுக்காக எத்தனை பெட்டி வாங்குவது என்று கணக்கில்லை. புகைக்கிறவன் வீட்டுப் பையன் அப்பாவைக் கடைக்கு விரட்டுவான். மக்கள் கலையில் மக்கள் இருந்த இடம் இதுதான்.

ஹோனஸ் வாக்னரின் அட்டை 2022ல் 72.5 லட்சம் டாலருக்குப் போனதை நண்பர் உடல் சிலிர்த்து எழுதியிருக்கிறார். அந்த விலைக்குக் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட அந்த வரிசையில் தன் படத்தைப் போடக்கூடாது என்று வாக்னர் தடுத்தார். அதனால் அச்சடித்தது கொஞ்சம். பிள்ளைகள் புகையிலை வாங்கிவிடுவார்கள் என்று தடுத்தார் என்பது ஒரு கதை, தனக்குக் காசு தரவில்லை என்று தடுத்தார் என்பது இன்னொரு கதை. எதுவானாலும், உலகத்திலேயே விலை உயர்ந்த சிகரெட் அட்டை, மாட்டேன் என்று சொன்ன ஒருவனுடையது. இதில் நண்பருக்கு ஒரு முரண்கூடத் தட்டுப்படவில்லை.

இதெல்லாம் வியாபாரம், வியாபாரத்தின் ஊடாகவும் கலை பிறக்கலாம். அதை மறுக்க நான் வரவில்லை. என் சண்டை படிமத்தோடு.

செங்கல்பட்டில் எங்கள் கிளைக்கு ஓய்வூதியம் வாங்க வரும் பெரியவர் ஒருவர், என் மேஜையில் இந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மாதிரி அட்டை எங்க அப்பா சேர்த்தது ஒரு ஆல்பம் இருக்கு, வந்து பாருங்க" என்றார். போனேன். இங்கிலாந்தின் ஜான் பிளேயர் கம்பெனி 1938ல் வெளியிட்ட கிரிக்கெட் வரிசை. 50 ஆட்டக்காரர்கள், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும். வர்ணம் இன்னும் மங்கவில்லை. பிராட்மன் இருக்கிறார், ஹாமண்ட் இருக்கிறார், ஹட்டன் இருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது எனக்கு ஒரு விசித்திரமான களைப்பு வந்தது. மட்டை பிடிப்பவன் ஒரு வானத்தின் கீழே தனியாக நிற்கிறான். பந்து போடுகிறவன் இரண்டு பக்கம் தள்ளி, வேறொரு வானத்தின் கீழே. ஒருவன் போட்ட பந்து இன்னொருவனுக்குப் போய்ச் சேரவே சேராது. ஒரு அட்டைக்கு ஒரு ஆள். அங்கே ஆட்டக்காரர்கள் 50 பேர் இருக்கிறார்கள், ஆட்டம் என்று ஒன்று நடக்கவில்லை.

விளையாட்டு என்பது இரண்டு பேர். ஓட்டப் பந்தயத்திலும் பக்கத்துக் கோட்டில் ஒருவன் ஓடுகிறான். எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று தெரியாத அந்த ஒரு கணத்தில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. சிகரெட் அட்டை செய்த காரியம் அந்த எதிராளியைக் கத்தரித்து எறிந்தது. மீதியானது ஒரு உடல், ஒரு நிலை, ஒரு பெயர், ஒரு வரிசை எண். இதைப் படிமம் என்று சொன்னால், ரேஷன் கார்டில் ஒட்டிய குடும்பத் தலைவர் படத்தையும் அப்படித்தான் சொல்லவேண்டும்.

எதிராளியைக் கத்தரித்த பிறகு மிஞ்சுபவன் யார் என்பதும் தானாக அமைவதில்லை. நவநகர் சமஸ்தானத்து ரஞ்சித்சிங்ஜி 1896ல் இங்கிலாந்துக்காக ஆடத் தொடங்கினார். அவர் சகோதரர் மகன் துலீப்சிங்ஜியும் பின்னால் இங்கிலாந்துக்காகவே ஆடினார். இருவருக்கும் சிகரெட் அட்டை உண்டு. பூனாவில் ஐரோப்பியர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் தொடங்கி, அங்கே வெள்ளைக்காரர்களுக்குப் பயிற்சிப் பந்து போட்டுப் பந்துவீச்சைத் தேற்றிக்கொண்டவர் பல்வங்கர் பாலு, தலித். 1911ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணியில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவர். நான் பார்த்த எந்த ஆல்பத்திலும் அவர் இல்லை. மட்டை பிடித்த ராஜகுமாரன் அட்டையில் அழகாகவே நிற்பான். அவனுக்கு எதிரே பந்து போட்டவன் வந்தால், இவனுக்குத் தேநீர் ஏன் பெவிலியனுக்கு வெளியே தனி மண்குவளையில் தரப்பட்டது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

எங்கள் ஜில்லாக்காரர் ஒருவரையும் சொல்கிறேன். எம்.ஜே. கோபாலன், 1909ல் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக, ரஞ்சி கோப்பையின் முதல் பந்தைப் போட்டவர். ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936ல் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போவதா, ஹாக்கி அணியோடு பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை ஆடவிடவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று அடித்துத் தங்கம் வாங்கியது. இந்த மனிதனை எந்த அட்டையில், எந்த உடுப்பில் நிறுத்துவீர்கள்? கையில் மட்டையா, ஸ்டிக்கா? எதைக் கொடுத்தாலும், அவர் தேர்ந்தெடுத்ததும் இழந்ததும் படத்துக்கு வெளியேதான் இருக்கும்.

அட்டை சின்னது, இதற்கு மேல் அதனால் முடியாது என்பார் நண்பர். அளவு ஒரு காரணமே இல்லை என்பதற்குச் சாட்சி இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. மாமல்லபுரம். மல்லன் என்ற பட்டத்தையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஊர். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரைப் பாருங்கள். தேவி சிங்கத்தின் மேல், வில்லோடு முன்னேறுகிறாள். மகிஷன் கதையை இரண்டு கையாலும் பிடித்தபடி பின்னால் சாய்கிறான், இன்னும் விழவில்லை. விழுவானா என்பது சுவரில் இல்லை, பார்க்கிறவன் மனசில் இருக்கிறது. பல்லவச் சிற்பி எதிராளிக்குச் சுவரில் பாதியைக் கொடுத்தான். தேவிக்கு இணையான ஆகிருதியைக் கொடுத்தான். போதாதென்று அவன் தலைக்கு மேலே ஒரு வெண்கொற்றக்குடையையும் பிடித்தான். தோற்கப்போகிறவனுக்குக் குடை! பி.ஏ. இங்கிலீஷில் லெஸிங்கின் லவோகூன் பற்றி நோட்ஸ் எடுத்து மனப்பாடம் செய்தவன் நான். உச்சத்துக்கு முந்தைய கணத்தைச் சிற்பி பிடிக்கவேண்டும் என்று அந்த ஜெர்மானியர் 1766ல் எழுதியது, எனக்கு இந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது.

அதே மலையில் திரிமூர்த்தி குகைக்குப் போனால், வெளிப்புற மாடத்தில் இன்னொரு துர்க்கை. வெட்டுண்ட எருமைத் தலைமேல் நேராக நிற்கிறாள். சண்டை முடிந்துவிட்டது, எதிராளி பீடமாகிவிட்டான். வழிபாட்டுக்கு அது போதும், அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒரே ஊரில் ஒரே கதைக்கு இரண்டு முறை இருக்கிறது. எதை எங்கே வைப்பது என்று செதுக்கியவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிகரெட் அட்டைக்குத் தெரிந்தது இரண்டாவது முறை மட்டும். நடுகல்லிலும் வீரன் தனியாகத்தானே நிற்கிறான் என்று நண்பர் பதில் எழுதுவார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடுகல்லின் எழுத்தைப் படியுங்கள். யார் ஆட்சியில், யார் கவர்ந்த ஆநிரைக்காக, யாரோடு பொருது பட்டான் என்று அது சொல்லும். படத்தில் இல்லாத எதிராளி எழுத்தில் இருப்பான். நமது கவிஞர் அட்டையின் பின்புறத்தில் என்ன அச்சடிக்கப்போகிறோம்? பிறந்த வருஷம், தொகுதிகளின் பட்டியல், வாங்கிய விருது.

அட்டையை ஆட்டமாக மாற்றிய ஒரே இனம் நம் தெருப்பிள்ளைகள். என் அப்பா காலத்துப் பையன்கள் காலி சிகரெட் பெட்டியைக் கிழித்து அட்டை சேர்த்தார்கள். கத்தரி மார்க், சார்மினார், பாஸிங் ஷோ, பெர்க்லி. எந்த அட்டைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தெருவே நிர்ணயித்தது. சுலபமாகக் கிடைப்பதற்குக் குறைச்சல், அபூர்வமானதற்கு அதிகம். வட்டம் போட்டு அட்டைகளை நடுவில் அடுக்கி, தூரத்திலிருந்து சில்லெறிந்து, வட்டத்துக்கு வெளியே தள்ளியவன் எடுத்துக்கொள்வான். அந்த அட்டைகளில் ஒரு விளையாட்டு வீரன் படமும் கிடையாது. கத்தரிக்கோலும் தொப்பிக்காரத் துரையும்தான். ஆனால் ஆட்டம் இருந்தது, எதிரே ஒருவன் இருந்தான், தோற்றவன் வீட்டுக்குப் போய் அழுதான். என் காலத்தில் வந்த ட்ரம்ப் கார்டில் மறுபடி மல்லர்கள் வந்தார்கள், அமெரிக்க மல்லர்கள். உயரம், எடை, மார்பளவு, புஜம், ரேங்க். இரண்டு பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்து, "செஸ்ட் எவ்வளவு?" என்பார்கள். பெரிய எண் சின்ன எண்ணை விழுங்கும். அதில் எதிராளி உண்டு, ஆனால் எண்ணாக மட்டும் உண்டு. நமது இலக்கியக் கூட்டங்களில் நான் இப்போது கேட்பது இந்த ட்ரம்ப் கார்டு ஆட்டம்தான். எத்தனை மொழியில் பெயர்ப்பு? எத்தனை பதிப்பு? எந்த விருது?

புகையிலைக்காரர்களும் பிறகு அட்டையை விட்டுவிட்டார்கள். யுத்தக் காகிதப் பஞ்சத்தில் 1940ல் இங்கிலாந்தில் அது நின்றுபோயிற்று. வேறு இடத்தில் படத்தை ஏற்றினார்கள். வில்ஸ் கம்பெனி தன் முதல் கிரிக்கெட் வரிசையை வெளியிட்டது 1896ல். சரியாக நூறு வருஷம் கழித்து, இங்கே நடந்த உலகக் கோப்பைக்கே வில்ஸ் என்று பெயர். வில்ஸ் என்ற எழுத்து இந்திய ஆட்டக்காரர்களின் மார்பில் 2001 வரை இருந்தது. அட்டைக்குள் ஆட்டக்காரனைப் போட்டவர்கள், ஆட்டக்காரனையே அட்டையாக்கிக்கொண்டார்கள். 2003ல் சட்டம் வந்து புகையிலை விளம்பரத்தையும் புரவலையும் தடுத்தது. 2009 முதல் பெட்டியில் மறுபடி படம் வந்தது: புண்ணான வாய், கரிந்த நுரையீரல். 2016லிருந்து பெட்டியின் முகத்தில் 85 சதவீதம் அதற்குத்தான். சிகரெட்டோடு வந்த படங்களிலேயே நேர்மையானது இதுதான் என்பேன். எதிராளி அதே பெட்டிக்குள் இருக்கிறான்.

இனி நம் விஷயம்.

சிறுபத்திரிகை எதற்காக இருக்கிறது? 1959ல் சி.சு. செல்லப்பா எழுத்து பத்திரிகையைத் தொடங்கியபோது அதில் புதுக்கவிதை வந்ததைவிட, புதுக்கவிதைமேல் சண்டை வந்ததுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். வாடிவாசல் எழுதியவரும் அவரே என்பதை நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்தக் கதையில் பிச்சியைவிடக் காரி பெரியது. காளைக்கு ஒரு குணம் இருக்கிறது, ஒரு மானம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஜமீன்தாரின் மானமும் இருக்கிறது. காளையைப் பிடித்தவன் படத்தை மட்டும் எழுதியிருந்தால் அது போஸ்டர். எதிராளியை அவ்வளவு மரியாதையோடு எழுதத் தெரிந்தவர்தான், ஒருவன் கவிதையை எடுத்து வரிவரியாக மோதிப்பார்க்கவும் துணிந்தார்.

இன்று நம் இதழ்களில் என்ன வருகிறது? சிறப்பிதழ். ஒரு கவிஞர், ஒரு அட்டைப்படம், அவரைப் பற்றிப் பத்துப் பேர். பத்தும் ஒரே திசையில். அடுத்த இதழில் இன்னொரு கவிஞர், இன்னொரு வானத்தின் கீழே. இவர் கவிதை அவர் கவிதையை எந்த இடத்தில் மறுக்கிறது என்ற கேள்வி இரண்டு சிறப்பிதழ்களுக்கும் நடுவில் விழுந்து தொலைகிறது. கடந்த மூன்று வருஷ இதழ்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். ஒரு கட்டுரைக்கு மறுப்பென்று வந்தது இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று அச்சுப்பிழை பற்றியது. இந்த நிலைமையில் 24 கவிஞர்களை வண்ண அட்டையாகவும் அடித்துக் கொடுப்பது, ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைக் கெட்டி அட்டையில் செய்வதாகும். 25ஆவது கவிஞர் யார் என்று ஒரு மனஸ்தாபம் வரும். நமக்கு மிஞ்சப்போகும் ஒரே விவாதம் அதுதான்.

2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்துப் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, எங்கள் ஊர்ப்பக்கம் சுவருக்குச் சுவர் வேட்டி கட்டிய குதிரைத் தம்பி கைகூப்பி நின்றது. எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். போகட்டும். நான் பிறகு எடுத்துப் பார்த்தது ஆட்டக்குறிப்புகளை. குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தார். பத்தாவது சுற்றில், ஜெயிக்கவேண்டிய நிலையிலிருந்து உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றார். அந்தக் குறிப்பில் இரண்டு பத்திகள். வெள்ளை ஒரு பத்தி, கறுப்பு ஒரு பத்தி. ஒரு பத்தியை மறைத்துவிட்டால் மற்றது அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும். ஆட்டம் முடிந்ததும் தோற்றவனும் அதில் கையெழுத்துப் போடுகிறான். ஒரு விளையாட்டைக் காகிதத்தில் வைக்க இதைவிட உண்மையான வழி எனக்குத் தெரியவில்லை, அதில் ஒரு முகம்கூட இல்லை.

ஆசிரியருக்கு என் யோசனை இது. வண்ண அட்டைக்கு ஆகும் செலவில் இதழுக்கு ஒரு பாரமாவது கூடுதலாக அடிக்கலாம். அந்த 16 பக்கங்களை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடது பத்தியில் ஒரு கவிதையைப் பற்றி ஒருவர் எழுதட்டும். வலது பத்தியில், அவரோடு உடன்படாதவர் அதே கவிதையைப் பற்றி, அதே வரிகளைப் பற்றி. இருவரும் கையெழுத்துப் போடட்டும், புனைபெயர் வேண்டாம். முதல் இதழுக்கு இடது பத்தியை நண்பருக்கே கொடுங்கள். அவர் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: அட்டைகளின் வர்ண அச்சு முறையை, ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல்லாக வைத்து அடித்ததை, அவர் விவரித்திருக்கும் இரண்டு பக்கம். அந்தக் கண்ணோடு அவர் ஒரு கவிதையைப் பார்த்து எழுதினால் வலது பத்தியில் உட்கார நான் தயார்.

ஆண்டுச் சந்தாவை அனுப்பியிருக்கிறேன். என் பெயருக்கு எதிரே அட்டை வேண்டாம் என்று குறித்துக்கொள்ளவும். நண்பர் இதற்குப் பதில் எழுதினால் பக்கத்தைக் காரணம் காட்டி வெட்டவேண்டாம்.